லைவ் டீலர் பேக்கரட்: கோளாறு சீட்டுலயா, என் கண்ணுலயா? 46,000 எடுக்க முடியாம நிக்குது

பூக்கல்_ஆத்தங்குடி (கேள்வி)

ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன் நான். எழுதுறது இதுதான் முதல் தடவை. திட்டுறவங்க திட்டிக்கலாம், கேட்டதுக்குப் பதிலைச் சொல்லிட்டுத் திட்டுங்க.

எனக்கு ஆத்தங்குடிக் கல் தொழில். பட்டறை மாமாவோடது. கணக்கு, ஆர்டர், லோடு அனுப்புறது எல்லாம் என் பொறுப்பு. ஆள் வராத அன்னைக்கு நானே உக்காந்து கல்லும் போடுவேன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: கண்ணாடியைத் துடைச்சு வச்சு, அது மேல இரும்புச் சட்டம், அதுக்குள்ள பூ அச்சு. கட்டம் கட்டமா கலரை ஊத்திட்டு அச்சைத் தூக்கணும், மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கணும். கல்லோட முகம் கீழ, கண்ணாடிப் பக்கம் இருக்கும். போடும்போது பூ எப்படி விழுந்திருக்குன்னு தெரியாது. ஆனா பதினாறு வருஷம் போட்டவனுக்குக் கையே சொல்லிரும். இதை ஏன் சொல்றேன்னா, என் வியாதியே அங்கதான் ஆரம்பிச்சுச்சு.

போன ஐப்பசியில மழை விடல. கல் காயாது, பட்டறையில பாதி நாள் சும்மா உக்காந்திருந்தோம். எங்களுக்கு லோடு அடிக்கிற குட்டியானைக்காரன் ஒருத்தன், ஆறாப்புல இருந்து ஒண்ணாப் படிச்சவன், டெலிகிராம்ல ஒரு லிங்க் அனுப்பினான். "மாப்ள, இது கம்ப்யூட்டர் ஆடுறது இல்ல. நிஜப் பொண்ணு நிஜச் சீட்டு போடுது பாரு"ன்னான்.

முதல்ல ஆடினது அந்தர் பாஹர். பேரைப் பாத்து என்னமோன்னு நெனச்சேன், பாத்தா நம்ம உள்ளே-வெளியே! சின்ன வயசுல கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கப்பா சமையல் எடுபிடியா போவாரு. ராத்திரி முகப்புல ஜமுக்காளம் விரிச்சு விடிய விடிய சீட்டு ஓடும், நான் காபி டம்ளர் எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டு ஓரமா நின்னு பாப்பேன். அந்த நெனப்புல 500 ரூபா போட்டேன். அன்னைக்கு ராத்திரியே 2,300 ஆச்சு. அதை எடுத்திருந்தா இந்தப் பதிவே இல்ல.

அப்புறம் பேக்கரட். பேங்கர், பிளேயர்னு ரெண்டு பக்கம், எது ஜெயிக்கும்னு பணம் கட்டுற சீட்டாட்டம். அதுல கீழ ஒரு பலகை காட்டுவான், ரோடுன்னு பேரு. பேங்கர் ஜெயிச்சா சிவப்பு வட்டம், பிளேயர் ஜெயிச்சா நீல வட்டம், கட்டம் கட்டமா விழுந்துகிட்டே வரும். சத்தியமாச் சொல்றேன், எனக்கு அது தரையில கல் பாவுன மாதிரிதான் தெரிஞ்சுச்சு. ரெண்டு சிவப்பு ஒரு நீலம், ரெண்டு சிவப்பு ஒரு நீலம், அப்ப அடுத்து என்ன வரும்? கல் பாவுறவனைக் கேட்டா தூக்கத்துல சொல்லுவான். நாலு தடவை சொன்னேன், நாலும் சரியா வந்துச்சு. "நமக்குன்னே செஞ்சு வச்ச ஆட்டம்டா இது"ன்னு நெனச்சேன்.

பிறகு பிளேயர்லயே கட்டி, போனா டபுள், போனா டபுள்னு ஆடினேன். 200, 400, 800, 1,600, 3,200, 6,400, 12,800. ஒரு நாள் ராத்திரி ஏழு தடவை வரிசையா பேங்கர். 25,400 காலி. எட்டாவது 25,600 வைக்கணும், கையில இல்ல. அந்த நேரம் அந்தப் பொண்ணு கேமராவைப் பாத்து சிரிச்சுட்டு உள்ளங்கை ரெண்டையும் விரிச்சுக் காட்டிட்டுப் போயிருச்சு, வேற பொண்ணு வந்து உக்காந்துச்சு. எனக்கு ஒதறிப் போச்சு. வேணும்னே ஆளை மாத்துறானுங்களோ?

கட்டினது எல்லாம் சேத்து 1,96,500. ஒரே ஒரு தடவை 12,500 என் கணக்குக்கு வந்துச்சு, யாரோ முன்ன பின்ன தெரியாத ஆள் பேர்ல இருந்து. இப்ப ஆப்ல 46,000 நிக்குது. எடுக்கப் போனா முதல்ல "போனஸ் வாங்கினீங்க, டர்ன்ஓவர் முடியல"ன்னான், இவ்வளவு தொகைக்குப் பந்தயம் ஆடி முடிச்சாத்தான் எடுக்கலாமாம். 10,000 போட்டப்ப 10,000 போனஸ் குடுத்தது உண்மைதான். அதை விடாம ஆடினேன். இப்ப "வரி 20 சதவீதம், 9,200 முதல்ல கட்டுங்க, அரை மணி நேரத்துல 46,000 வந்துரும்"ங்கிறான்.

கேக்குறது இவ்வளவுதான். அந்தப் பொண்ணுங்க சீட்டை மாத்துறாங்களா இல்லையா? ரோட்டுல நான் பாத்த பூ நிஜமா, இல்லையா? 9,200 கட்டலாமா? வீட்டுல இன்னும் சொல்லல.

லக்கி_விஐபி_77

ப்ரோ உங்க சைட் சரியில்ல. நம்மகிட்ட வாங்க, அஞ்சு நிமிஷத்துல வித்ட்ரா, முதல் டெபாசிட்டுக்கு

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது. பயனர் தடை செய்யப்பட்டார்.]

பேரேடு

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். 9,200 கட்டாதே. ஒரு ரூபாயும் கட்டாதே. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் தேவகோட்டை. பத்தொன்பது வயதில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிக்கு வந்தவன், கண் மங்கும் வரை பேரேடு எழுதினேன். சீட்டு ஆடத் தெரியாது, கணக்கு தெரியும். நீ எழுதியதை நேற்று இரவு ஒரு தாளில் பற்று வரவாக எழுதிப் பார்த்தேன். பற்று 1,96,500. வரவு 12,500. நிகர நஷ்டம் 1,84,000. அந்த 46,000 வரவே இல்லை, தம்பி. அது எதிராளி பலகையில் எழுதிக் காட்டும் எண். எங்கள் ஐந்தொகையில் இதற்கு வராக்கடன் என்று பெயர்.

வரி என்று சொல்கிறானே, அதையும் பார். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், 2023 ஏப்ரலில் இருந்து. அதுவும் நிகரமாக ஜெயித்த தொகைக்குத்தான். உனக்கு நிகரமே நஷ்டம், எதற்கு வரி? இருந்தாலும் கொடுக்கிறவன் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பான். வாங்குகிறவனிடம் முன்கூட்டி வசூல் செய்து அரசாங்கத்துக்குக் கட்டுகிற முறை கிடையாது. 46,000 இருக்கிறது என்றால் அதிலேயே 9,200 கழித்துக்கொண்டு 36,800 கொடு என்று கேட்டுப் பார். ஆயிரம் காரணம் சொல்வான்.

அடுத்து அந்த போனஸ். இந்த மாதிரி இடங்களின் நிபந்தனையை என் பேரன் எடுத்துக் காட்டினான். உன்னுடையதிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும், போய்ப் பார். கட்டிய 10,000, போனஸ் 10,000, இரண்டும் சேர்ந்து 20,000. அதன் முப்பது மடங்கு பந்தயம் கட்டினால்தான் எடுக்கலாம். ஆறு லட்சம். கீழே பொடி எழுத்தில், லைவ் மேஜையில் கட்டுவது பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்று இருக்கும். அப்படியானால் நீ உண்மையில் கட்ட வேண்டியது அறுபது லட்சம். பேக்கரட்டில் உள்ளதிலேயே பணம் குறைவாகத் தேய்கிற இடம் பேங்கர் பக்கம், கட்டுகிற நூறு ரூபாய்க்குச் சராசரியாக 1.06 போகும். அறுபது லட்சத்துக்கு 63,600. பத்தாயிரம் இனாம் வாங்க அறுபத்து மூவாயிரத்தைத் தேய்க்க வேண்டும். இந்த இனாமை எந்தக் கடைப் பையனும் வாங்க மாட்டான்.

நீ கட்டியது பிளேயர் பக்கம். அங்கே தேய்மானம் 1.24. சமன் என்று ஒன்று உண்டாமே, டை, அதில் 14.36. எட்டு மடங்கு தருகிறான் என்று வாயைப் பிளக்கக் கூடாது, அது வருவது நூற்றுக்கு ஒன்பதரை தடவைதான். உன் உள்ளே-வெளியேயிலும் இதே கதை. முதல் சீட்டு விழுகிற பக்கம் நூற்றுக்கு 51.5 தடவை ஜெயிக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு ரூபாய்க்கு ரூபாய் தராமல் தொண்ணூறு பைசா தருகிறான். கல்யாண வீட்டு முகப்பில் ஆடியபோது இந்தப் பத்துப் பைசாவை யாரும் எடுக்கவில்லை. மாமன் பணம் மச்சானுக்குப் போனது, மறுநாள் விருந்தில் திரும்பி வந்தது.

ஒன்றேகால் ரூபாய்தானே என்று நினைப்பாய். நான் எழுதிய பேரேட்டிலும் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி உண்டு. அது மாதத்துக்கு. இங்கே அரை நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் முடிகிறது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒன்றேகால். இருநூறு ரூபாய் வீதம் மணிக்கு 120 ஆட்டம் என்றால் 24,000 புரள்கிறது, அதில் சராசரியாக 298 ரூபாய் போகும். நல்ல கொத்தனார் பார்த்தால் சிரிப்பார், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கூலி கொடுத்து நீ தோற்கிறாய் என்று.

அந்த டபுள் விவகாரத்துக்கு என் பேரன் கணக்குப் போட்டான். அந்த வேகத்தில் ஆடினால் ஏழு தோல்வி வரிசையாக வருவது சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அன்று உன்னை யாரும் குறி வைக்கவில்லை, நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். எட்டாவது முறை 25,600 வைத்து ஜெயித்திருந்தாலும் மொத்தத்தில் உனக்கு லாபம் 200 ரூபாய். எழுதிப் பார். நான் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை.

பனிநாட்டு_ஆச்சி

அண்ணே, உங்க முதல் ரெண்டு கேள்விக்கு நான் பதில் சொல்றேன். நான் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்தவ.

எங்களுக்கு நேமத்தான்பட்டிப் பக்கம். ஜார்ஜியாவுல மருத்துவம் படிக்கப் போனேன். மூணாம் வருஷம் வீட்டுல பணம் தட்டுப்பாடு ஆனப்ப திபிலீசியில ஒரு லைவ் ஸ்டூடியோவுல பதினோரு மாசம் பகுதி நேர வேலை பாத்தேன். வீட்டுல "லேப்ல வேலை"ன்னு சொல்லி வச்சிருந்தேன், இன்னைக்கு வரைக்கும் எங்காத்தாளுக்கு அதுதான். அதனால ஊர், ஆள் எல்லாம் கேக்காதீங்க.

சீட்டு நிஜம். மேஜை நிஜம். இந்த ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் லாட்வியாவுல ரீகா, மால்டா, ருமேனியா, ஜார்ஜியா மாதிரி இடத்துல இருக்கு. ஒரு பெரிய கூடத்துல வரிசையா மேஜைகள், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு திரைச்சீலை, தலைக்கு மேல சூடா விளக்கு. வீடியோவுல அரண்மனை மாதிரி தெரியும், பக்கத்துல போனா அட்டை வாசனையும் பவுடர் வாசனையும்தான். சீட்டை நாங்க கலைக்கிறதில்ல, அதுக்குத் தனி ஆள். எட்டுக் கட்டு சேந்து வரும். ஒவ்வொரு சீட்டையும் பெட்டியில இருந்து உருவும்போது மெஷின் படிச்சுரும். மேஜைக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி, செருப்புப் பெட்டி அளவு, அதுதான் நடக்கிறதை எல்லாம் எழுத்தாக்கி உங்க போனுக்கு அனுப்புது. நான் சீட்டைத் தப்பான இடத்துல வச்சா அடுத்த நொடி காதுல சத்தம் வரும். கையை விரிச்சுக் காட்டினாங்கன்னு சொன்னீங்களே, அது உங்களைப் பாத்துச் செஞ்சது இல்ல. கையில எதுவும் ஒளிக்கலன்னு மேல இருக்கிற கேமராவுக்குக் காட்டுறது. மேஜை மாறும்போதெல்லாம் காட்டணும், இல்லன்னா மார்க் குறையும். ஆளை மாத்துறதும் அதே மாதிரிதான். அரை மணி நேரத்துக்கு மேல ஒரே மேஜையில உக்கார விட மாட்டாங்க, ஏன்னா சிரிச்சுகிட்டே எண்ணுறது அவ்வளவு களைப்பு.

பேக்கரட்ல முக்கியமான ஒண்ணு, இது நிறையப் பேருக்குத் தெரியாது. டீலருக்கு அதுல முடிவு எடுக்கவே இடம் கிடையாது. பிளேயர் பக்கம் கூட்டு அஞ்சு வரைக்கும் இருந்தா இன்னொரு சீட்டு, ஆறு ஏழுன்னா நிறுத்து. எட்டு ஒன்பது யாருக்கு வந்தாலும் அங்கேயே முடிஞ்சுது. பேங்கர் எப்ப எடுக்கணும்னும் அட்டவணை இருக்கு. நான் பொம்மை. எனக்கு உங்க மேல கோவம் இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, பாசம் இருந்தாலும் முடியாது.

அப்ப அந்த ரோடு? அந்தப் பலகையில பொய் கிடையாது. வந்ததை வந்தபடி போடுவான். ஆனா அண்ணே, நீங்க பாவுற தரையில பூ எங்கிருந்து வருது? நீங்க அச்சு வச்சுப் போட்டதால வருது. அடுத்த கல் என்னன்னு உங்களுக்குத் தெரியுறது ஏன்னா அந்தத் தரையை யாரோ ஒருத்தர் முன்னாடியே யோசிச்சு வச்சதால. அந்தப் பலகைக்கு அப்படி யோசிச்ச ஆள் கிடையாது. சிவப்பு, நீலக் கலரை அள்ளித் தரையில விசிறினாலும் உங்க கண்ணு அதுலயும் ஒரு பூவைக் கண்டுபிடிக்கும், கல் போட்ட கண்ணுல்ல? நாலு தடவை சரியா வந்துச்சுன்னீங்க. அது பதினாறுல ஒரு பங்கு, பெரிய அதிசயம் இல்ல. கம்பெனிக்காரன் அந்தப் பலகையை இலவசமா, அவ்வளவு அழகா வரைஞ்சு தர்றானே, அது உங்களுக்கு உதவுறதா இருந்தா தருவானா?

ஆனா இதையும் சொல்லணும். நான் சொல்றது நான் வேலை பாத்த இடத்தைப் பத்தி. ஸ்டூடியோ ஒரு கம்பெனி, உங்ககிட்ட பணம் வாங்குற சைட் வேற கம்பெனி. ஒரே மேஜையை எத்தனையோ சைட்டுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. உங்க பணம் எந்த டப்பாவுக்குப் போச்சுன்னு மேஜையில இருக்கிற பொண்ணுக்குத் தெரியவே தெரியாது. எங்க ஒளிபரப்பைத் திருடி ஓட்டுற ஆப் இருக்கு, பழைய வீடியோவை லைவ்னு காட்டுற ஆப்பும் இருக்கு. உங்களுது எதுன்னு இங்கிருந்து சொல்ல முடியாது. கண்டுபிடிக்கிறேன்னு மறுபடி உள்ள போயிராதீங்க. சீட்டு சுத்தமா இருந்தாலும் கல்லாவுல உக்காந்திருக்கிறவன் யாருன்னு தெரியாத கடை அது.

இன்னொண்ணு, மனசுல ரொம்ப நாளா கிடக்கு. நான் இங்கிலீஷ் மேஜை. அங்க ராத்திரி பத்தரைன்னா நம்ம ஊர்ல பன்னெண்டு. சாட்ல வர்றதைப் படிச்சுப் பேரைச் சொல்லி வாழ்த்தணும், வேற பாஷை பேசக் கூடாதுன்னு கண்டிப்பு. ஒரு நாள் ஒருத்தர் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சாரு. "அக்கா இன்னைக்காவது குடுங்க. வீட்டுக்காரி வளையல் இது." எனக்குத் தமிழ் தெரியும்னு அவருக்குத் தெரியாது. எந்த நாட்டுக்காரிக்கோ எழுதுறதா நெனச்சுத்தான் எழுதியிருக்காரு, சாமிகிட்ட சொல்ற மாதிரி. நான் கேமராவைப் பாத்துச் சிரிச்சு, இங்கிலீஷ்ல நல்வாழ்த்துன்னு சொல்லிட்டு அடுத்த சீட்டை உருவினேன். அவர் ஜெயிச்சாரா தோத்தாரான்னு கூட எனக்குத் தெரியாது. கை மட்டும் வேலையைச் சரியாப் பாத்துச்சு. அந்த மாசக் கடைசியில வேலையை விட்டுட்டேன்.

அப்புறம், லிங்க் அனுப்பினவரைப் பத்தி ஒண்ணு கேக்கணும். அவர் உங்க கூடச் சேந்து ஆடினாரா, இல்ல ஆட்டத்தை மட்டும் காட்டினாரா? ஏன் கேக்குறேன்னா, இந்த லிங்க்குக்குப் பங்கு உண்டு. அது மூலமா வந்தவங்க தோக்குற பணத்துல ஒரு பகுதி மாசா மாசம் லிங்க் குடுத்தவருக்குப் போகும். ஜெயிச்சா அவருக்கு ஒண்ணும் கிடையாது.

கழனிவாசல்_சர்வீஸ்

காரைக்குடியில மொபைல் கடை வச்சிருக்கேன். சீட்டு விஷயம் அவங்க சொல்லிட்டாங்க, நான் பேங்க் விஷயம் மட்டும்.

அந்த 12,500 யாரோ பேர்ல இருந்து வந்துச்சுன்னீங்கல்ல, அதுதான் எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. இவனுங்க பணம் வாங்குறதும் தர்றதும் வாடகைக்கு எடுத்த தனி ஆள் கணக்குல. அதே கணக்குல வேற எவனையோ ஏமாத்தின பணமும் ஓடும். அவன் எங்கயோ வடக்க புகார் குடுத்தா, அந்தப் பணம் தொட்ட கணக்கையெல்லாம் நிறுத்தி வைப்பாங்க. என் கடைக்கு வர்ற பையன் ஒருத்தன் ஜெயிச்சு எடுத்தது வெறும் 4,000. சம்பளக் கணக்கே முடங்கி, இன்னொரு மாநிலத்து சைபர் போலீஸுக்கு மெயில் போட்டு மெயில் போட்டு நாலு மாசம் அலைஞ்சான். உங்க பட்டறைப் பணம் அதே கணக்குல ஓடுதுன்னா முதல்ல அதை மாமாகிட்ட சொல்லுங்க.

சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930. நம்ம ஊர்ச் சூதாட்டச் சட்டம் போட்டதும் அதே 1930-லதான், ஞாபகம் வச்சுக்க வசதி. சீக்கிரம் சொன்னா எதிர்க் கணக்குல மிச்சம் இருக்கிறதையாவது நிறுத்தலாம், மாசக்கணக்கு ஆனதைப் பெருசா எதிர்பாக்காதீங்க. பணம் அனுப்பின யூபிஐ விவரம், டெலிகிராம் பேச்சு, 9,200 கேட்ட மெசேஜ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் ஆப்பை அழிங்க. நிறையப் பேரு கோவத்துல முதல்ல அழிச்சுட்டு வந்து நிக்கிறாங்க.

சட்டம் பத்தி சுத்தி வளைக்காமச் சொல்றேன். தமிழ்நாட்டு 2022 சட்டத்துல பணம் வச்சு ஆன்லைன் சூது ஆடுறவனுக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட உண்டு. 2023 நவம்பர்ல ஐகோர்ட்டு ரம்மி, போக்கரை மட்டும் திறமை ஆட்டம்னு வெளிய எடுத்துச்சு, அதிர்ஷ்ட ஆட்டத்துக்கு இருந்த தடையைத் தொடல. பேக்கரட், ரூலெட் எல்லாம் அதுலதான் வரும். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசும் சட்டம் கொண்டு வந்துச்சு. அதுல ஆடுறவனுக்குத் தண்டனை இல்ல, நடத்துறவனுக்கு மூணு வருஷம் வரைக்கும், ஒரு கோடி வரைக்கும். விளம்பரம் பண்றவனுக்கு ரெண்டு வருஷம், 50 லட்சம் வரைக்கும். லிங்க் அனுப்புற ஆளுங்க இதைப் படிக்கணும். புகார் குடுக்கப் பயமா இருந்தா தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, நடந்ததை நடந்தபடி எழுதுங்க.

ராத்திரி தூக்கம் வராம மனசு அங்கயே போனா 14416 இருக்கு, அரசாங்க மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. என் தம்பி பேசினான். அதுக்கு மேல இங்க எழுத வேணாம்.

பூக்கல்_ஆத்தங்குடி

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா பதில் போட முடியல.

9,200 கட்டல. பேரேடு ஐயா சொன்ன மாதிரி "அதுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடு"ன்னு எழுதினேன். "சிஸ்டம் அனுமதிக்காது சார்"னு வந்துச்சு. இன்னொரு தடவை எழுதினேன். "இன்னைக்கு மட்டும் 20 சதவீதத்தை 10 ஆக்குறோம்"ன்னான். வரியில தள்ளுபடி குடுக்கிற அரசாங்கத்தை அன்னைக்குத்தான் பாத்தேன். 1930-க்குப் போட்டு ரெண்டாவது தடவை லைன் கிடைச்சுது, பதிவு நம்பர் குடுத்திருக்காங்க.

மாமாகிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல, பட்டறைக் கணக்கை மட்டும் வேற பேங்குக்கு மாத்தச் சொன்னாரு. ஆர்டர் நோட்டுப் பின்பக்கத்துல எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வீட்டுல குடுத்தேன். அவ கூட்டிப் பாத்துட்டு, "இதுல மழை நாள் எல்லாம் இருக்கே, கல்லே போடலன்னு சொன்ன நாள்"னா. ஆமான்னேன். நோட்டை மூடி அரிசிப் பானை மேல வச்சிட்டுப் போய்ட்டா. அங்கேயே இருக்கு இன்னும்.

பனிநாட்டு ஆச்சிக்கு. நீங்க சொன்னதைப் படிச்சிட்டு, ரோடு ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு வச்சிருந்தேன், அதை எடுத்து ஒரு விளையாட்டு பண்ணேன். பட்டறைப் பையனைக் காசு சுண்டச் சொல்லி, தலை சிவப்பு, பூ நீலம்னு அறுபது கட்டம் நோட்டுல போட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது ஆப்ல வந்ததுன்னு எங்க பெரிய கொத்தனாரைக் கேட்டேன், நாப்பது வருஷம் தரை பாவுனவரு. ரொம்ப நேரம் பாத்துட்டு, காசு சுண்டினதைக் காட்டி "இதுலதான்டா டிசைன் சுத்தமா இருக்கு"ன்னாரு.

வளையல்னு எழுதினது நான் இல்ல. எனக்குச் சாட்ல எழுதத் தெரியாது. ஆனா படிச்சப்ப நான்தானோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு.

லிங்க் விஷயம் கேட்டீங்க. யோசிச்சுப் பாத்தேன், அவன் என் எதிர்ல ஒரு தடவை கூட ஆடினதில்ல. "நீ ஆடு மாப்ள, எனக்குக் கை ராசி இல்ல"ம்பான். ரெண்டு மாசம் முன்னாடி வண்டிக்குப் புதுசா நாலு டயர் போட்டான், எனக்கு டீ வாங்கிக் குடுத்தான். என் கல்யாணத்துல பந்தி பாத்தவன் அவன். இன்னும் கேக்கல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு தேவகோட்டைக்கு 600 கல் போகணும், அவன் வண்டிதான் வருது. ஏத்திவிட்டு நானும் முன் சீட்டுல ஏறிப் போகணும், இறக்குற இடத்துல கல் எண்ண ஆள் இல்ல.